அங்கராஃபன்ட்சிகா வழிகாட்டி நடை: பன்றிமூக்குப் பாம்பைப் பார்க்க விரும்புவோருக்கு

மடகாஸ்கர் தீவின் வடமேற்கில், மஹாஜங்கா துறைமுக நகரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்லும் அங்கராஃபன்ட்சிகா தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோக்கரெல் சிஃபாகா என்னும் வெள்ளையும் செம்பழுப்பும் கலந்த லெமூரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அந்த லெமூர்கள் பூங்கா அலுவலகத்தை ஒட்டிய மரங்களிலேயே தாவிக்கொண்டிருப்பதால், அவற்றைக் காட்டித் தருவது வழிகாட்டிக்குப் பெரிய வேலையல்ல. மடகாஸ்கரின் பெரிய பன்றிமூக்குப் பாம்பை, அதுவும் அது தன் போக்கில் இரை தேடும்போது பார்க்க வேண்டும் என்று கேட்டால்தான் வழிகாட்டியின் திறமை வெளிப்படும். நான் அதைக் கேட்டுத்தான் சென்றேன். பூங்காவின் அம்பிஜோரோவா வாயிலில் கிடைக்கும் வழிகாட்டியுடன் கூடிய காலை நடையைப் பற்றிய இந்த மதிப்புரை அந்த ஒரு நோக்கத்தை வைத்தே எழுதப்படுகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரியான பருவத்தில் சென்று, ஊர்வன பற்றித் தெரிந்த வழிகாட்டியைக் கேட்டுப் பெற்றால், கொடுக்கும் பணத்துக்கு இதைவிடச் சிறந்த பாம்புப் பாடம் கிடைப்பது அரிது.

நடைமுறை எளியது. நுழைவுக் கட்டணத்தையும் வழிகாட்டிக் கட்டணத்தையும் தனித்தனியே செலுத்த வேண்டும். வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போக அனுமதியில்லை. தேர்ந்தெடுக்கும் பாதையின் நீளத்தைப் பொறுத்து வழிகாட்டிக்கான தொகை மாறும். தலைநகர் அன்டனானரிவோவிலிருந்து சாலை வழியாக வந்தால் ஏறத்தாழ ஒரு முழுப் பகலும் வண்டியிலேயே கழிந்துவிடும் என்பதால், மஹாஜங்கா வரை விமானத்தில் வந்து அங்கிருந்து வண்டி பிடிப்பது உடம்புக்கு நல்லது. மொரீசியஸிலும் ரீயூனியனிலும் வாழும் நம்மவர்களுக்கு மடகாஸ்கர் பக்கத்துத் தீவு. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கிளம்புகிறவர்கள் பயணத்துக்கென்று தாராளமாக நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

இனி பாம்புக்கு வருவோம். லியோஹெட்டரடான் மடகாஸ்கரியென்சிஸ் என்னும் அறிவியல் பெயரில் 1854-இல் விவரிக்கப்பட்ட இந்தப் பாம்பை ஊர்மக்கள் மெனரானா என்று அழைக்கிறார்கள். வளர்ந்த பாம்பு ஒன்றரை மீட்டர் வரை நீளும். நம் சாரைப்பாம்பின் நீளத்தை எட்டாவிட்டாலும், உடல் அதைவிடத் தடித்து உருண்டிருக்கும். முதுகு மினுமினுக்கும் கறுப்பு அல்லது கருப்பழுப்பு; பக்கவாட்டில் மஞ்சள் திட்டுகள் கட்டம் கட்டமாக ஓடும்; வயிறு மஞ்சள். மூக்கு நுனியில் உள்ள செதில் மேல்நோக்கி வளைந்து, கூர்விளிம்புடன் முன்தள்ளி நிற்கிறது. பன்றிமூக்கு என்ற பெயர் வந்தது இந்தச் செதிலால்தான். இதே பேரினத்தில் மேலும் இரண்டு இனங்கள் உள்ளன: உடல் முழுதும் ஒரே வெளிர்பழுப்பாக இருக்கும் மாடெஸ்டஸ், புள்ளிகள் நிறைந்த ஜியாயி. அங்கராஃபன்ட்சிகா காட்டில் பெரிய பன்றிமூக்கனோடு மாடெஸ்டஸும் வாழ்கிறது என்பதால், ஒரே நடையில் இரண்டையும் பார்க்கும் வாய்ப்பு உண்டு. எனக்கு அது அமையவில்லை.

எனக்குக் கிடைத்த வழிகாட்டி நடுத்தர வயதுக்காரர். பிரெஞ்சிலும் அளவான ஆங்கிலத்திலும் பேசினார். பாம்பு வேண்டும் என்று நான் சொன்னதும், காட்டுக்குள் விறுவிறுவென்று நடக்கத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மரநிழல் விலகி வெயில் விழும் மணற்பாங்கான பாதை ஒன்றில் என்னை நிறுத்தி, இங்கேயே காத்திருப்போம் என்றார். அதற்கான காரணத்தை அவர் விளக்கிய விதத்திலேயே இந்தச் சேவையின் தரம் தெரிந்துவிட்டது. இந்தக் காட்டில் கழுத்தில் கறுப்பு வளையமும் முள்ளடர்ந்த வாலும் கொண்ட இகுவானா வகைப் பல்லி ஒன்று மரங்களில் வாழ்கிறது. நம் ஓணானைவிடச் சற்றே பெரியது. ஆண்டின் பெரும்பகுதியை மரத்தண்டில் கழிக்கும் இந்தப் பல்லி, மழை தொடங்கியபின் முட்டையிடுவதற்காக மட்டும் தரைக்கு இறங்கி, வெயில் படும் வெற்று மணலைத் தேடி வருகிறது. காட்டுக்குள் வெயில் படும் வெற்று மணல் எங்கே இருக்கிறது? மனிதர் நடந்து நடந்து உண்டாக்கிய பாதைகளில்தான். ஆகவே பார்வையாளர் பாதையே பல்லிக்குப் பிரசவ இடம், பன்றிமூக்குப் பாம்புக்கு உணவு தேடும் இடம். பாம்பைத் தேடி அலைவதைவிட, பாம்பு தேடும் பொருள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது மேல் என்பது அவருடைய முறை.

காத்திருந்த நேரத்தில் இன்னொன்றையும் அவர் கவனிக்கச் சொன்னார். அருகிலிருந்த மரத்தில், நம் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு உறவான மடகாஸ்கர் ஈப்பிடிப்பான் ஒன்று திடீரென்று கரகரத்த குரலில் எச்சரிக்கை ஒலி எழுப்பியபோது, மரத்தண்டில் அசையாமல் இருந்த இகுவானா தலையைத் தூக்கிச் சுற்றும்முற்றும் பார்த்தது. இந்தப் பல்லிக்குக் குரலே கிடையாது. தான் ஒலி எழுப்பாத ஒரு விலங்கு, முற்றிலும் வேறான ஒரு பறவையின் அபாயக் குரலை ஒட்டுக்கேட்டு உஷாராகிறது என்பதை இதே அம்பிஜோரோவா காட்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுகளை இசைத்துக் காட்டிச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் இங்கே பல ஆண்டுகள் பாம்புகளையும் பல்லிகளையும் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பன்றிமூக்குப் பாம்பின் முட்டைவேட்டை பற்றி இன்று அறியப்பட்டிருப்பதில் கணிசமான பகுதி இந்தக் காட்டிலிருந்து வந்ததே.

வெயில் ஏறத் தொடங்கிய வேளையில் பாம்பு வந்தது. பாதையின் ஓரச் சருகுக்குள்ளிருந்து தலை மட்டும் முதலில் நீண்டு, நாக்கு மணலைத் தொட்டுத் தொட்டு மீண்டது. பகலில் இயங்கும் பாம்பு என்பதால் கண்கள் பெரியவை. எங்களை அது பார்த்திருக்கும் என்பதில் ஐயமில்லை, ஆனாலும் பொருட்படுத்தவில்லை. பாதையைக் குறுக்கே கடந்து போய்விடும் என்று நினைத்த நேரத்தில் ஓரிடத்தில் நின்று, அதே கையகல மணலின்மேல் நாக்கை மிக வேகமாக ஓட்டியது. பிறகு மூக்கு நுனியை மணலுக்குள் அழுத்தித் தலையை ஒரு பக்கமாகத் திருப்ப, ஈர மணல் சரிந்து விலகியது. மீண்டும் அழுத்தி, மீண்டும் திருப்பி, கழுத்துவரை குழிக்குள் இறங்கும்வரை அவசரமில்லாமல் அதையே செய்தது. மண்வெட்டியின் வேலையை ஒரு செதில் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் அந்த மூக்கு எதற்காக அப்படி வளைந்திருக்கிறது என்பது ஐயமறப் புரிகிறது. தலை வெளியே வந்தபோது அதன் உதடுகளில் மணல் ஒட்டியிருந்தது. தொண்டையில் ஒரு முட்டை புடைத்திருந்தது. முட்டையை அது உடைக்கவில்லை. முழுதாக விழுங்கி, கழுத்தை ஒருமுறை வளைத்து உள்ளே தள்ளிவிட்டு, மறுபடியும் அதே குழிக்குள் தலையை விட்டது.

வழிகாட்டி இந்த நேரம் முழுவதும் பேசவில்லை. பாம்பு அகன்ற பிறகே குழியருகே என்னை அழைத்துச் சென்று, கையால் தொடாமல் ஒரு குச்சியால் சுட்டி, எந்தப் பக்கம் பல்லி தோண்டி மூடியது, எந்தப் பக்கம் பாம்பு தோண்டியது என்பதைப் பிரித்துக் காட்டினார். முட்டையிட்ட பின் பல்லி மணலை மூடி மட்டப்படுத்திவிடுவதால் மனிதக் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. பாம்பு அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது மணத்தைக் கொண்டே. முட்டை கிடைக்காத காலத்தில் தவளை, பல்லி, பச்சோந்தி, எலி, சிறு பறவை என்று எதையும் அது உண்ணும். ஊர்ப்புறங்களிலும் வயலோரங்களிலும் இந்தப் பாம்பு பிழைத்துக்கொள்வதற்கு இந்தத் தாராளமான வாயே காரணம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது அழிவு அச்சமில்லாத இனமாகவே இருக்கிறது. அதுவும் முட்டையிடும் பாம்புதான். அடுத்தவர் முட்டையைத் தேடி உண்ணும் விலங்கு தன் முட்டையையும் மண்ணில்தான் புதைத்தாக வேண்டியிருக்கிறது.

இந்தப் பாம்பு தீங்கற்றது என்று எல்லா விளம்பரத் தாள்களும் சொல்கின்றன. வழிகாட்டி அந்தச் சொல்லுக்கு வரம்பு கட்டிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மடகாஸ்கரில் அறியப்பட்ட சுமார் 100 பாம்பினங்களில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன் போன்று முன்புறம் நச்சுப்பல் கொண்ட தரைப்பாம்பு ஒன்றுகூட இல்லை. பன்றிமூக்குப் பாம்புக்கு மேல்தாடையின் பின்பகுதியில் சற்றுப் பெருத்த பற்களும், மிதமான நச்சுத்தன்மை கொண்ட உமிழ்நீரும் உண்டு. அவை இரையை அடக்குவதற்கு. மனிதரைக் கடிப்பது மிகவும் அரிது. கடித்தால் வீக்கமும் வலியும் வரலாம், உயிருக்கு ஆபத்து இல்லை. மிரட்டப்பட்டால் அது செய்வதெல்லாம் கழுத்தை அகலப்படுத்திச் சீறுவதுதான். படம் எடுக்கும் பாம்பைக் கண்டால் பின்வாங்கிப் பழகிய நமக்கு அந்தச் சீற்றம் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. இதே பயணத்தில், வேறோர் ஊரில், சுற்றுலாக்காரர்களுக்காக நடத்தப்படும் தனியார் ஊர்வனக் காட்சிக்கூடம் ஒன்றுக்கும் போயிருந்தேன். அங்கே இதே இனப் பாம்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, வந்தவர் கழுத்தில் ஒவ்வொருவராகப் போட்டுப் படம் எடுக்கிறார்கள். பாம்பு கடிக்காது என்பதே அங்கே அதன் முழு வரலாறு. என்ன உண்கிறது, எங்கே முட்டையிடுகிறது, அந்த மூக்கு எதற்கு என்று கேட்டதற்கு ஊழியரிடம் பதில் இல்லை; நண்பகல் வெயிலில் கைமாறிக் கைமாறிக் களைத்த பாம்பு தலையைத் தன் உடற்சுருளுக்குள் புதைத்துக்கொண்டிருந்தது. கட்டணம் பூங்கா நடையைவிடக் குறைவு, பாம்பு நிச்சயம் கண்ணில் படும். குழந்தைகளுடன் வருகிறவர்களை இந்த இரண்டு வசதிகளும் இழுக்கும் என்பது தெரிகிறது. ஆனாலும் என் குழந்தையாக இருந்தால் மணற்பாதையில் காத்திருக்கத்தான் அழைத்துப் போவேன்.

நடையின் நடுவே வழிகாட்டி சொன்ன ஒன்றில் மட்டும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. நான் இந்தியாவிலிருந்து வருவதை அறிந்ததும், உங்கள் நிலமும் எங்கள் நிலமும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை, ஆகவே இந்தப் பாம்பு உங்களுக்கும் உறவு என்றார். முதல் பாதி சரி. இந்திய நிலப்பகுதி மடகாஸ்கரிலிருந்து பிரிந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பன்றிமூக்குப் பாம்பின் முன்னோர் அந்தப் பிரிவுக்கு வெகு காலத்துக்குப் பின் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். வெள்ளம் அடித்துச் சென்ற மரத்திரள்களில் மிதந்து வந்திருக்க வேண்டும் என்று கருதப்படும் அந்த முன்னோரிலிருந்தே இன்றைய மடகாஸ்கர்ப் பாம்பினங்களில் பெரும்பாலானவை கிளைத்தன. விருந்தினரை மகிழ்விக்கச் சொன்ன வார்த்தைக்காக மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான உறவுக் குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவிலும் பன்றிமூக்குப் பாம்புகள் உண்டு. அவற்றுக்கும் மூக்குச் செதில் இப்படியே மேல்நோக்கி வளைந்திருக்கும், அவையும் மண்ணைத் தோண்டும். அவற்றில் கிழக்குப் பன்றிமூக்கன் ஆபத்து வந்தால் மல்லாந்து வாயைப் பிளந்து செத்ததுபோல் நடிப்பதால் உலகப் புகழ் பெற்றது. இரண்டு கூட்டமும் நெருங்கிய உறவே அல்ல. ஒரே வேலை இரண்டு கண்டப் பகுதிகளில் ஒரே கருவியை உருவாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். இதை அறியாமல் மடகாஸ்கர்ப் பாம்பும் செத்ததுபோல் நடிக்கும் என்று எதிர்பார்த்து அதைச் சீண்டச் சொல்லும் பயணிகள் உண்டு என்று வழிகாட்டி வருத்தத்துடன் சொன்னார்.

மூக்கு ஒன்றாக இருந்தாலும் உடலின் உள்ளமைப்பு ஒன்றல்ல என்பதற்கு ஒரு கவலைக்குரிய சான்று இருக்கிறது. அமெரிக்கப் பன்றிமூக்கனின் முக்கிய உணவு தேரை. தேரையின் தோலில் உள்ள நஞ்சு, இரையை விழுங்கிய விலங்கின் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றும் புரதத்தை அடைத்து, இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. அமெரிக்கப் பாம்பில் அந்தப் புரதம் சிறிது மாறியிருப்பதால் நஞ்சு அதனிடம் செல்லாது. மடகாஸ்கரிலோ 300-க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருந்தும், சொந்தத் தேரை ஒன்றுகூட இல்லை. எனவே அங்குள்ள பாம்புகளுக்கு அத்தகைய காப்பு உருவாக வேண்டிய தேவையே எழவில்லை. இந்த நிலையில்தான் தீவின் கிழக்குக் கரையில் உள்ள டோமாசினா துறைமுகத்தைச் சுற்றி ஆசியத் தேரை பரவியிருப்பது 2014-இல் உலகுக்குத் தெரியவந்தது. மழை விட்ட இரவுகளில் நம் வீட்டு வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்க உட்கார்ந்திருக்குமே, அதே தேரைதான். மடகாஸ்கருக்குப் போய்ச் சேர்ந்தது தென்கிழக்கு ஆசியாவின் வழித்தோன்றல் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, தேரையை உண்ணக்கூடிய 77 மடகாஸ்கர் விலங்கினங்களின் மரபணுவைப் பரிசோதித்து, கொறிணி வகை ஒன்றைத் தவிர வேறு எதற்கும் இந்த நஞ்சைத் தாங்கும் அடையாளம் இல்லை என்று கண்டது. தவளையைக் கண்டால் விழுங்கும் பெரிய பன்றிமூக்கன், தேரையையும் இன்னொரு தவளையாகவே எண்ணும். டோமாசினா தீவின் மறுகரையில் இருப்பதால் அங்கராஃபன்ட்சிகாவுக்கு இது இன்றைய ஆபத்து அல்ல. ஆனால் துறைமுகங்களுக்கு இடையே சரக்குகள் போய்வரும் நாட்டில் தொலைவை மட்டும் நம்பியிருக்க முடியாது. என் வழிகாட்டிக்குத் தேரைச் செய்தி தெரிந்திருந்தது. பார்வையாளர்களுக்கு அவரே எடுத்துச் சொல்லவும் செய்கிறார். சேவையின் இந்தப் பகுதிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

பருவத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மடகாஸ்கர் சுற்றுலாவின் உச்ச காலம் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்கள். சாலைகள் நன்றாக இருக்கும், மரங்கள் இலையுதிர்ந்து நிற்பதால் லெமூர்களும் பளிச்சென்று தெரியும். அந்த மாதங்களில் பன்றிமூக்குப் பாம்பும் அந்தப் பல்லியும் பெரும்பாலும் ஒடுங்கிக் கிடக்கும். முகவர்கள் தரும் அட்டவணையை நம்பி அப்போது வருகிறவர்கள் பாம்பைக் காணாமல் திரும்பிவிட்டு வழிகாட்டியைக் குறைசொல்வதில் நியாயமில்லை. மழை தொடங்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை வந்தால்தான் முட்டைவேட்டையைப் பார்க்க முடியும். அப்போது வெக்கை கடுமையாக இருக்கும், கொசு உண்டு, பிற்பகலில் மழை கொட்டும். நடையைக் காலை ஏழு மணிக்கு முன்பே தொடங்கி, வெயில் மணலைச் சூடாக்கும்வரை பொறுமையாக இருப்பது நல்லது.

இரவு நடையும் இங்கே உண்டு. பூங்காவுக்குள் இரவில் செல்லத் தடை இருப்பதால் அது நெடுஞ்சாலை ஓரமாகவே நடக்கும். பச்சோந்திகளுக்கும் சுண்டெலி லெமூர்களுக்கும் அது போதும். பகலில் இயங்கும் பன்றிமூக்குப் பாம்பை எண்ணி அதற்குப் பணம் கட்ட வேண்டாம். அலுவலகத்தின் பக்கத்தில் அழிவின் விளிம்பில் உள்ள ஆங்கோனோகா ஆமைகளுக்கான இனப்பெருக்க மையம் 1986 முதல் இயங்கிவருகிறது. ரவேலோபே ஏரியில் முதலைகள் இருப்பதால், ஓர் அழகான நீர்நிலை என்று எண்ணி விளிம்பில் போய் உட்காரக் கூடாது; வழிகாட்டி சொல்லும் இடத்தில் நின்றால் போதும்.

மொழி சிலருக்குத் தடையாகலாம். பிரெஞ்சு தெரிந்தால் வழிகாட்டியின் முழு அறிவும் உங்களுக்குக் கிடைக்கும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் செய்திகள் கிடைக்கும், நுணுக்கங்களில் சில நழுவும். ஒரே நாளில் எல்லா விலங்குகளையும் பட்டியலில் குறித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இந்த நடை ஒத்துவராது; மணலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியாதவர்கள் லெமூர்ப் பாதையைத் தேர்ந்தெடுப்பதே நலம். மற்றவர்கள் வரவேற்பு மேசையில் பெயர் பதியும்போதே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: ஊர்வன தெரிந்த வழிகாட்டி வேண்டும், மணற்பாதையில் காத்திருக்க விருப்பம், பாம்பைப் பிடித்துக் காட்ட வேண்டாம். எனக்கு வாய்த்தவர் இந்த மூன்றாவதைக் கேட்டதும் சிரித்துவிட்டு, கையிலிருந்த குச்சியைத் தவிர வேறெதையும் எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினார்.